குட்டைக்கால் தாங்கி

என் மனைவி அடிக்கடி சொல்வாள்: எனக்குக் கோபம் வந்தால் வீடு முழுக்கத் தெரியும், பொறாமை வந்தால் ஒருவருக்கும் தெரியாது. கோபம் வந்தால் கத்துவேன். பொறாமை வந்தால் மிகவும் நல்லவனாகிவிடுவேன். ஓடிப்போய்க் கதவு திறந்துவிடுவேன், கேளாமலே தேநீர் போட்டுக் கொடுப்பேன், அடுத்தவனின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரை போவேன். ரொறன்ரோவுக்கு வந்து ஐந்தாவது வருடம், ஒரு நவம்பர் மாதம், நான் அப்படி மிகமிக நல்லவனாக இருந்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரெக்ஸ்டேலில், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வேண்டிய சாமான்கள் விற்கும் ஒரு கடையில் வேலை செய்தேன். துப்பாக்கிகள் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டியிருக்கும். அவற்றை விற்கக் கடை முதலாளியும் இன்னொரு வெள்ளைக்காரரும் இருந்தார்கள். எனக்குக் கிடைத்தது கடையின் பின்சுவர். அந்தச் சுவரில் தாங்கிகள் தொங்கின. சுடும்போது துப்பாக்கி ஆடாமல் இருக்க அதன் முன்பக்கத்துக்குக் கீழே கொடுக்கும் முட்டுகள் அவை. துப்பாக்கியிலேயே பூட்டி, மடித்து விரிக்கிற இரட்டைக்கால். மேலே சேர்த்துக் கட்டிய இரண்டு தடி. ஒற்றைத்தடி. மேசையில் வைக்கும் மணல்பை. இப்படி இருபது வகைக்கு மேல். துப்பாக்கி வாங்க வருகிறவன் துப்பாக்கியைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுவான், தாங்கியைப் போகிற போக்கில் எடுப்பான். அதனால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை.

நான் விட்டேனா? பெட்டிக்குள் வரும் தாள்களை ஒரு வரி விடாமல் வாசித்தேன். மதிய இடைவேளையில் ஸ்டோர் அறைக்குள் போய் நிலத்தில் குந்தியிருந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன். வாடிக்கையாளர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் கேட்டு, தாங்கி தெரிவு செய்ய மூன்று கேள்வி போதும் என்று கண்டுபிடித்தேன். குந்தியிருந்து சுடுவாயா, நின்றா, படுத்தா? உனக்கும் மிருகத்துக்கும் இடையில் என்ன நிற்கிறது? அதை எவ்வளவு தூரம் சுமப்பாய்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தத் தாங்கி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வீட்டில், கூட்டுகிற தும்புத்தடியைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு, செற்றி விளிம்பில் குந்தியிருந்து, மனைவிக்கு இதையெல்லாம் விளக்குவேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டு கேட்பாள். கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்றில் ஒரு பெடியன் இருந்தான். பெடியன் என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, என்னைவிட மூன்று வயதுதான் குறைவு. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கன். என்னை அண்ணை என்பான், மனைவியை அக்கா என்பான். வேலையில்லாமல் இருந்தவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் சேர்த்துவிட்டதே நான்தான். தாங்கிகளைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. “கல்லு, கட்டை மாதிரி இறுகின சாமானிலை துவக்கை நேரை வைக்கப்படாது. துள்ளும், வெடி மேலாலை போகும். கீழை மெத்தெண்டு என்னவும் போட்டுத்தான் வைக்கவேணும்,” என்று முதல் வாரமே சொல்லிக் கொடுத்தேன். அவன் தலையாட்டினான்.

ஆனால் விற்பனையில் அவன் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். நான் பத்து நிமிடம் நின்று மூன்று கேள்வியும் கேட்டு விளக்கினால், வந்தவர் “யோசித்துவிட்டு வருகிறேன்” என்று நழுவிவிடுவார். அவன் அரைகுறை ஆங்கிலத்தில், “எனக்குத் தெரியாது சேர், நீங்கள் எங்கே வேட்டைக்குப் போவீர்கள்?” என்று கேட்பான். அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். இவன் வாயைத் திறந்துகொண்டு கேட்பான், நேரத்துக்குச் சிரிப்பான். கடைசியில் அவரே ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இவன் முதுகிலும் தட்டிவிட்டுப் போவார். நான் சொல்லிக் கொடுத்த வேலை, நான் தூசி தட்டிய சுவர், வருகிறவனெல்லாம் “மற்றப் பெடியன் எங்கே?” என்று என்னிடமே கேட்பான். எனக்கு வயிறு பற்றி எரியும். உடனே போய் அவனுக்கும் சேர்த்து ஒரு கோப்பி வாங்கி வருவேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது அந்தக் கட்டிலால்.

ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் வடக்கே முதலாளிக்கு ஒரு மரக்குடில் இருந்தது. அதற்குள் ஆறு கட்டில். ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டை தொடங்கும் வாரம் ஐந்து கட்டிலில் அவரும் அவருடைய பழைய கூட்டாளிகளும். ஆறாவது கட்டில் கடையில் வேலை செய்கிற ஒருவருக்கு. காசு வாங்கும் இடத்துக்குப் பின்னால் அந்தப் படங்களை வரிசையாக மாட்டியிருந்தார். செம்மஞ்சள் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஆறு பேர், குடில் வாசலில், தோளில் கை போட்டபடி. மூன்று வருடம் நான் அந்தப் படங்களைப் பார்த்தேன். எனக்கு மானில் ஆசை இல்லை. துப்பாக்கி என்றால் ஊரில் அதன் வாய்ப்பக்கம் நின்றுதான் எனக்குப் பழக்கம். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடத்தில், வேலை முடிந்த பிறகு என்னோடு வா என்று ஒரு வெள்ளைக்காரரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அந்தப் படத்தில், அந்தத் தோள்களுக்கு நடுவில், என் முகம் வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அதற்காக வேட்டைப் பாடநெறிக்குப் போனேன். அவனும் கூட வந்தான், நான் போகிறேன் என்பதற்காக. இருவரும் சோதனை பாஸ் பண்ணி, துப்பாக்கிக்கான அனுமதியும் எடுத்தோம், சுடும் களத்தில் கடதாசி மான்களைச் சுட்டும் பழகினோம். முதலாளி தன் வேட்டை இடத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சதுப்புநிலத்துக்கு மேலே ஒரு பாறைமேடு, அதில் குந்தியிருந்து பார்க்க ஒரு மரக்குற்றி, முன்னால் இடுப்பளவுக்குப் பன்னச் செடியும் பத்தையும். விடிகிற நேரம் மான் கீழே சதுப்பைக் கடக்கும். அந்தக் குற்றியில் நான் எத்தனையோ தரம் இருந்துவிட்டேன், வீட்டுச் செற்றியில், தும்புத்தடியோடு.

அந்த வருடம் ஒக்டோபரில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பின்சுவருக்கு முன்னால் நின்று, “இந்த முறை நீ வருகிறாயா?” என்று கேட்டார். எந்தத் திகதி என்று கேட்டேன். சொன்னார். எனக்குக் கோயில் கலண்டர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அந்த வருட வசந்தத்தில் மனைவிக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. பயப்படும்படியான சத்திரசிகிச்சை. ஆஸ்பத்திரி நடையில் இருந்துகொண்டு, இவள் எழும்பி நடந்தால் இந்த வருடம் கந்தசஷ்டி ஆறு நாளும் நானும் சேர்ந்து விரதம் இருப்பேன் என்று முருகனுக்கு நேர்த்தி வைத்தேன். அதுவரை அவள்தான் தனியே பிடிப்பாள். நான் பக்கத்திலிருந்து சோறு தின்பேன். அவள் எழும்பி நடந்துவிட்டாள். நேர்த்தியைத் தீர்க்க வேண்டியதுதான் பாக்கி. கோயில் கலண்டரில் திகதியைப் பார்த்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விரதம் தொடங்குகிறது. சனிக்கிழமை வேட்டைக் கோஷ்டி புறப்படுகிறது. புதன்கிழமை சூரன்போர். நடுவில் போய்ச் சேரவும் வழியில்லை, எல்லோரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவதுதான் அங்கே வழக்கம்.

ஆறு நாள் பாலும் பழமுமாக இருக்கிறவன், மான் சுடுகிறவர்களின் குடிலில் போய் என்ன செய்வது? முருகனுக்கு வேட்டை ஒன்றும் புதிதில்லை என்று ஒரு நிமிடம் மனதுக்குள் வாதாடியும் பார்த்தேன். பலிக்கவில்லை. “சமய விஷயம், அந்த வாரம் என்னால் முடியாது. அடுத்த வருடம்…” என்று இழுத்தேன். முதலாளி நல்ல மனிதர். “பரவாயில்லை, பரவாயில்லை,” என்றார். பக்கத்தில் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தவனின் பக்கம் திரும்பி, “அப்படியென்றால் நீ?” என்றார்.

இவ்வளவுதான். மூன்று வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்த கட்டில், பெட்டியின் பசைநாடாவைக் கிழித்து முடிப்பதற்குள் அவனுக்குப் போய்விட்டது.

அவன் உடனே ஓம் என்று சொல்லியிருந்தாலும் ஆறியிருக்கும். என்னைப் பார்த்தான். “அண்ணை, நான் போகட்டோ? நீங்கள் வேண்டாம் எண்டால் போகேல்லை,” என்று தமிழில் கேட்டான். முதலாளிக்கு முன்னால் என்னிடம் அனுமதி கேட்கிறான்! அந்த நல்ல பிள்ளைத்தனத்துக்கே அவன் கன்னத்தில் ஒன்று போடவேண்டும் போல இருந்தது. “போ, போ. உனக்கென்ன,” என்று சிரித்தேன். அன்றைக்கு அவனுக்கு மதியச் சாப்பாடும் வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி, “போறதெண்டால் போங்கோ, நான் ரெண்டு பேருக்குமாச் சேர்த்துப் பிடிக்கிறன்,” என்றாள். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. அவளாவது தடுத்திருந்தால் அவளைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அவன் பின்சுவருக்கு வந்தான். துப்பாக்கியை முதலாளி இரவல் கொடுக்கிறார், தாங்கியைக் கடையில் எது வேண்டுமானாலும் எடு, உன் ஆளிடமே கேள் என்று சொல்லிவிட்டாராம். “நீங்களே சொல்லுங்கோ அண்ணை. எனக்கு உதுகள் விளங்காது,” என்றான்.

அவன் எங்கே இருக்கப் போகிறான் என்று உலகத்தில் முதலாளிக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நான். குற்றியில் இருந்து சுடவேண்டும். முன்னால் இடுப்பளவு பத்தை. அதற்குச் சரியான சாமான் என் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது: இருக்கிற உயரத்துக்கு நீட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு தடி, மேலே தோல்வார். பாரமில்லை, சத்தமில்லை. என் கை அதைத் தாண்டிப் போய், பளபளவென்று கறுப்பாக இருந்த குட்டைக்கால் தாங்கியைக் கழற்றியது. துப்பாக்கியில் பூட்டுகிற இரட்டைக்கால். காலை விரித்தாலும் ஆறேழு அங்குல உயரம்தான் வரும். வெட்டை நிலத்தில் நெஞ்சு நிலத்தில் படப் படுத்திருந்து சுடுகிறவனுக்கு அருமையான சாமான். அந்தப் பாறையில் அதை வைத்துக்கொண்டு படுத்தால் பன்னத்தின் தண்டைத்தான் எண்ணலாம். போதாக்குறைக்கு, கால் விரியும்போது ஸ்பிரிங் ‘டக்’ என்று அடிக்கும்.

“இதுதான் திறம்,” என்றேன். “படுத்திருந்து சுட்டால்தான் கை ஆடாது.”

“உந்தத் தடி?”

“உது வயசுபோன ஆக்களுக்கு.”

முதலில் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. படுத்திருந்து சுட்டால் கை ஆடாதுதான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்கும் இரண்டாவது கேள்வியை அவனிடம் மட்டும் நான் கேட்கவில்லை. அவன் தாங்கியை இரண்டு கையாலும் வாங்கி, “நீங்கள் இருக்கிறபடியால் எனக்கு யோசினை இல்லை அண்ணை,” என்றான்.

அதற்குப் பிறகு என் நல்ல குணம் கரைபுரண்டு ஓடியது. என்னுடைய தேர்மோஸ் போத்தலைக் கொடுத்தேன். கோயில் நண்பர் ஒருவர் தந்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி இருந்தது, சாம்பல் நிறம், மேல்விளிம்பில் சிவப்புக் கரை. நானே இரண்டு தரம்தான் போட்டிருப்பேன். அதையும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை, விரதத்தின் முதல் நாள். பொழுதுபட்டதும் கும்பிட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு கோப்பைப் பாலும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு இருந்தோம். “அவனுக்கு எந்தத் தாங்கி குடுத்தனீங்கள்?” என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

பழத்தை உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “அது படுத்துக்கிடந்து சுடுறதெல்லோ? அங்கை பத்தையள் இடுப்பளவு நிக்குது எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

நான் பாலைக் குடித்தேன்.

“அப்ப உங்களுக்கு வயிறு மட்டும்தான் விரதம்,” என்றாள்.

கத்தினேன். இந்த வீட்டில் எனக்கு ஒரு மரியாதை இல்லை, பசியோடு இருக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது என்று என்னென்னவோ கத்தினேன். அவள் பழத்தோலை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவன் புறப்படும் நேரம் நான் பேஸ்மென்ற் படியில் நின்றேன். சொல்லத்தான் போனேன். ‘உதை வைச்சிட்டு, போற வழியில கடையில அந்தத் தடியை எடு,’ இவ்வளவுதான் சொல்லவேண்டியது. கீழே அவன் விசிலடித்தபடி பையைக் கட்டிக்கொண்டிருந்தான். செம்மஞ்சள் தொப்பியைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான். படத்துக்கு எப்படி நிற்பது என்று பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சத்தம் போடாமல் திரும்பி மேலே ஏறிவிட்டேன்.

அந்த வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று முருகனுக்குத்தான் தெரியும். வெறும் வயிற்றோடு பின்சுவருக்கு முன்னால் நின்றேன். வருகிறவனெல்லாம் “மற்றப் பெடியன் எங்கே?” என்றான். “வேட்டைக்குப் போய்விட்டான்,” என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவன் அங்கே பன்றி இறைச்சி பொரித்துத் தின்கிறான், அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான், தோளில் கை போடுகிறான். பிறகு, பாறையில் குப்புறப் படுத்திருக்கிறான், முன்னால் பன்னத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த இரண்டு காட்சியும் மாறி மாறி வரும். முதலாவது வரும்போது தலை சுற்றும். இரண்டாவது வரும்போது பசி கொஞ்சம் அடங்கும்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் கைத்தொழிற்பேட்டையில் ஒரு கட்டடம். ஒரு பக்கம் கார் திருத்துமிடம், மறுபக்கம் கம்பளக் களஞ்சியம். சூரன்போர் பார்க்கிங்கில் நடந்தது. குளிரில் மேற்சட்டை இல்லாமல் சூரனைத் தோளில் சுமந்தவர்களில் நானும் ஒருவன். சூரன் ஒவ்வொரு தலை மாற்றும்போதும் நாங்கள் நிற்போம். நிற்கும்போது பாரத்தைத் தோளிலிருந்து எடுக்க, காவுதடிக்குக் கீழே, நுனி இரண்டாகக் கவர் விட்ட முட்டுத்தடி கொடுப்பார்கள். என் பக்கத்துக்காரர் நல்ல தடியைப் பறித்துக்கொண்டார். எனக்கு வந்தது கட்டையானது, என் தோளுக்கு ஒரு சாண் குறைவு. முட்டுக் கொடுத்தும் பிரயோசனமில்லை, பாரம் முழுவதும் என் தோளிலேயே கிடந்தது. “ஆர் ஐயா எனக்கு இந்தக் குட்டைத் தடியைத் தந்தது?” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் கூட்டத்துக்குள் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடிலில் தொலைபேசி இருந்திருந்தால் அன்றைக்கே எடுத்துச் சொல்லியிருப்பேன். இருக்கவில்லை என்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் மேலே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. மான் இல்லை. “வந்தது அண்ணை, முதல் நாள் விடியவே வந்தது. நான் படுத்துத் தாங்கிக் காலை விரிச்சன், சத்தம் கேட்டு ஓடிட்டுது. பிறகு ஒரு நாளும் வரேல்லை,” என்றான். தேர்மோஸைத் தந்தான். சொக்ஸ் ஒன்றைத் துவைத்து மடித்துத் தந்தான். “மற்றது எங்கையோ துலைஞ்சுபோச்சு. குறை நினைக்காதேங்கோ.” நான் பரவாயில்லை என்றேன். மனைவி அவனுக்குச் சோறு போட்டாள், வழக்கத்தைவிடக் கூடுதலாக.

திங்கட்கிழமை முதலாளி நேரே பின்சுவருக்கு வந்தார். அந்தக் குட்டைக்கால் தாங்கியைத் தூக்கிக் காட்டினார். “இதைப் பார்த்ததும், எந்த மடையன் உனக்கு இதைத் தந்தது என்று கேட்டேன்,” என்றார். எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி சிரித்தார். “தானே எடுத்தானாம். அண்ணன் தடியைத்தான் எடுக்கச் சொன்னார், நான்தான் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிட்டேன் என்கிறான். வாரம் முழுக்க அவனை வைத்துச் சிரித்தோம். உன்னுடைய சொல்லைக் கேட்டிருந்தால் மானோடு வந்திருப்பான். அடுத்த வருடம் நீ வா. உனக்கு விஷயம் தெரிகிறது.”

நான் அவனைப் பார்த்தேன். பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பி, “ஓம் அண்ணை, நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்,” என்றான். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நான் பிழையாகத் தந்துவிட்டேன், பாவம், அண்ணையைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று நினைத்துவிட்டான் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். வேண்டுமென்று செய்தேன் என்பது அவனுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் ஒரு வருடம் போனது. உண்மையைச் சொல்ல அந்த வருடத்தில் எத்தனை நாள் இருந்தது! ஒன்றிலும் சொல்லவில்லை. சொன்னால் கட்டில் போய்விடும்.

அடுத்த வருடம் சஷ்டி ஒக்டோபரிலேயே வந்து முடிந்துவிட்டது. நவம்பரில் நான் ஆறாவது கட்டிலில் படுத்தேன். முதல் நாள் இருட்டோடு முதலாளி என்னைப் பாறைமேட்டுக்குக் கூட்டிப்போய்க் குற்றியில் இருத்திவிட்டுப் போனார். என்னிடம் சரியான தாங்கி இருந்தது: இரண்டு தடி, தோல்வார், என் உயரத்துக்கு வீட்டிலேயே அளந்து வைத்தது. விரித்து முன்னால் வைத்துக்கொண்டு விடியும் வரை இருந்தேன்.

வெளிச்சம் வந்ததும் அதைக் கண்டேன். குற்றிக்குப் பக்கத்தில் பாறை வெடிப்புக்குள் ஒரு தடி செருகியிருந்தது. கவர் விட்ட காட்டுத்தடி, கத்தியால் வெட்டி, பட்டை சீவியது. ஒரு குளிர்காலம் கிடந்து சாம்பல் பிடித்திருந்தது. கவருக்குள் மெத்தென்று ஏதோ சுற்றிக் கட்டியிருந்தது. எட்டித் தொட்டேன். கம்பளி. நிறம் வெளிறியிருந்தது, ஆனால் விளிம்பில் சிவப்புக் கரை அப்படியே இருந்தது.

என்னுடைய சொக்ஸ்.

துப்பாக்கியை அதில் வைத்துப் பார்த்தேன். இருக்கிற உயரத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. பன்னத்துக்கு மேலால் சதுப்பு முழுவதும் தெரிந்தது. துள்ளாமலிருக்கக் கீழே மெத்தென்று போடு என்று நான் முதல் வாரம் சொல்லிக் கொடுத்ததைக்கூட மறக்காமல் செய்திருந்தான். வந்த மான் ஓடிய பிறகு இந்தக் குற்றியில் இருந்துகொண்டு என்னுடைய மூன்று கேள்வியையும் தனக்குத் தானே கேட்டிருக்கிறான். கேட்ட உடனேயே, அவை எனக்கும் தெரிந்த கேள்விகள் என்பது அவனுக்கு விளங்கியிருக்கும். இந்த இடம் எப்படி இருக்கும் என்று நான் எத்தனை தரம் அவனுக்கே வர்ணித்திருக்கிறேன்! அந்தத் திங்கட்கிழமை கடையில் “நீங்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்” என்று சொன்னபோது எல்லாம் தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் மான் வந்தது. என்னுடைய தாங்கியில் வைத்துச் சுட்டேன். விழுந்தது. எல்லோரும் ஓடிவந்து முதுகில் தட்டினார்கள். குடில் வாசலில் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் கனகாலம் கடைச் சுவரில் இருந்தது. அதில் நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தடியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்த அந்தச் சொக்ஸைத் துவைத்தேன். அதன் சோடியையும் தேடி எடுத்து, இரண்டையும் ஒன்றாக மடித்துக்கொண்டு பேஸ்மென்றுக்கு இறங்கினேன். சொல்லவேண்டியதைப் படியிலேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அவன் கதவைத் திறந்து, என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

“அட, கிடைச்சிட்டுதோ அண்ணை?” என்றான்.

“ஓம்,” என்றேன்.

அவனே கேட்டான்: “மான் வந்ததோ?”

“வந்தது. பட்டது.”

“எனக்குத் தெரியும்! அதிலை இருந்தால் கட்டாயம் வரும் எண்டு எனக்குத் தெரியும்!” என்று என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். கண்ணெல்லாம் சிரிப்பு. “அக்கா, அண்ணை மான் சுட்டிட்டார்!” என்று மேலே பார்த்துக் கத்தினான். நான் அவன் முகத்தை விடாமல் பார்த்தேன். எங்கேயாவது ஒரு மூலையில், ஒரு துளியாவது, என்னுடையதைப் போல ஒன்று இருக்கும் என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. அந்தக் கட்டிலையாவது அடுத்த வருடம் வாங்கிவிட்டேன். அவனிடம் இருந்த இந்த மனதை எங்கே போய் வாங்குவது என்றுதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.